காஸ்டிக் தொட்டியில் அலுமினியத்தைப் போடலாமா?

கேள்வி: வணக்கமுங்கண்ணா. எனக்கு அவிநாசி பக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. ஐயன் வைத்திருந்த 1997 மாடல் மாருதி ஜென் வண்டியை நானே பிரித்துச் சரிசெய்து கொண்டிருக்கிறேன். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் இன்டேக் மேனிஃபோல்டிலும், கூலன்ட் வழியில் இருக்கும் தெர்மோஸ்டாட் மூடியிலும் பழைய கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே ஒழுகாமல் வைக்கும் தாள்) கருகி ஒட்டியிருக்கிறது. அதற்கு மேலே யாரோ சிலிகானை வேறு அப்பி வைத்திருக்கிறார்கள். அலாய் வீல் நான்கிலும் பேலன்சிங் வெயிட் ஒட்டிய பசையும் பிரேக் தூசியும் படிந்து கிடக்கின்றன. கதவோரத்தில் பிற்பாடு ஒட்டிய அலுமினியப் பட்டையைக் கழற்றினால் அடியில் டபுள் டேப், மஞ்சள் பசை எல்லாம் கல்லாகி இருக்கிறது. "பட்டறையிலதான் காஸ்டிக் இருக்குதே, ஒரு ராத்திரி ஊறப்போடு" என்கிறார் கூட வேலை செய்பவர். மெக்கானிக் ஒருவர் கிரைண்டரில் எமரி டிஸ்க் மாட்டி ஓட்டச் சொல்கிறார். வீட்டில் பெட்ரோலில் கழுவினால் போதும் என்கிறார்கள். எதைச் செய்யட்டுமுங்க?

பதில்: தம்பி, மூன்று பேர் சொன்னதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மூன்றிலும் மோசமானது காஸ்டிக். அது உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் மூட்டை மூட்டையாக இருப்பதால் அதையே முதலில் பேசிவிடலாம்.

அலுமினியம் காற்றுப் பட்டவுடனே தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். கனம் சில நானோமீட்டர்தான். ஆனால் அந்த உலோகம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்குவது அந்தப் படலத்தால்தான். காஸ்டிக் சோடா முதலில் அதைக் கரைத்துவிட்டு, பிறகு அடியில் இருக்கும் உலோகத்தையே தின்னத் தொடங்கும். ஹைட்ரஜன் நுரைத்துக்கொண்டு கிளம்பும். கரைசல் தானாகச் சூடாகும், சூடேற ஏற இன்னும் வேகமாக அரிக்கும். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு என்பதால், மூடி போட்ட டிரம்மில் ராத்திரி முழுக்க ஊறப்போடுவது ஆளுக்கும் ஆபத்து. விடிந்து எடுத்துப் பார்த்தால் பசை போயிருக்கிறதோ இல்லையோ, போல்ட் மரை தேய்ந்து, கேஸ்கெட் உட்காரும் முகம் குழி விழுந்து, பாகம் முழுக்கக் கரிபூசியதாக இருக்கும். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் கலந்திருக்கும், சில கலவைகளில் செம்பும் இருக்கும். அலுமினியம் கரைந்து போன பிறகு இவைதான் அந்தக் கருப்பு மையாக மேலே தங்குகின்றன.

நம் சாயப்பட்டறையில் துணி காஸ்டிக்கில் நனைந்துவிட்டு நன்றாகத்தானே வெளியே வருகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். பருத்திக்கு அது ஒத்துக்கொள்ளும். இரும்புக்கும் பெரிய கெடுதல் இல்லை. லாரி இன்ஜின் வேலை நடக்கும் இடங்களில் இரும்பு பிளாக்கைச் சூடான காஸ்டிக் தொட்டியில் இறக்கும் பழக்கம் அதனால்தான் வந்தது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் வேலை பழகியவர்கள் சொல்லும் யோசனை அவர்கள் கையில் இருக்கும் இரும்புக்குச் சரி. உங்கள் கையில் இருப்பது வேறு உலோகம். சோடா ஆஷும் அதே வம்சம்தான், குறிப்பாகச் சுடுதண்ணீரில். அதையும் பட்டறையிலிருந்து எடுத்து வராதீர்கள். உங்கள் வண்டியின் கார்புரேட்டர் அலுமினியம் மாதிரித் தெரிந்தாலும் அந்தக் காலத்து கார்புரேட்டர் உடல்கள் பல துத்தநாகக் கலவை. காஸ்டிக்கிலும் அமிலத்திலும் அதன் கதியும் இதேதான்.

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் ஏதாவது ஒன்றை முக்கிவிட்டிருந்தால், உடனே எடுத்து நிறையத் தண்ணீரில் அலசுங்கள். கடைசியாக வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முறை கழுவி மறுபடியும் நல்ல தண்ணீர் விடுங்கள். கருப்பு மையைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம். அதை எடுக்க அனோடைசிங் (அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தை மின்சாரம் விட்டுத் தடிமனாக்கும் வேலை) செய்யும் கடைகளில் தனி அமிலத் தொட்டி இருக்கும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

எமரி டிஸ்க் சொன்னவர் உங்கள் மெக்கானிக். வேகமாக முடியும் என்பது அவர் கணக்கு. டிஸ்க்கில் இருக்கும் பொடி என்ன தெரியுமா? பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைக்கிற அளவுக்குக் கடினமான பொருள். அது மிருதுவான அலுமினிய முகத்தை ஓரிடத்தில் பள்ளமாக்கி, இன்னோரிடத்தில் மேடாக விட்டுவிடும். கண்ணுக்குப் பளபளவென்று தெரியும். கேஸ்கெட்டுக்கு அது ஒழுகல். அதைவிடப் பெரிய தொல்லை, உதிரும் பொடி. மேனிஃபோல்டுக்குள் தங்கினால் அது நேராக சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்க்கும். ஆயில் போகும் வழியில் விழுந்தால் பேரிங்கைத் தின்னும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் சர்வீஸ் குறிப்பில், கேஸ்கெட் முகங்களைச் சுரண்ட இந்த வகை டிஸ்க்குகளைப் பயன்படுத்தாதீர்கள், பேரிங் போகும் என்று டீலர்களை எச்சரித்திருக்கிறது. ஆக, இது நான் கட்டிக்கொண்ட பயம் இல்லை.

பெட்ரோல் பற்றிச் சுருக்கமாக. மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். போர்ட்டிகோவில் நீங்கள் கழுவிக்கொண்டிருக்க, சாமி அறை விளக்கோ கேஸ் அடுப்போ அதைச் சந்தித்துவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பெயின்ட் கடையில் எம்.டி.ஓ. என்று கேளுங்கள், டர்பன்டைன் என்றும் சொல்வார்கள். சீமெண்ணெய் கிடைத்தால் அதுவும் ஆகும். அதுவும் தீப்பிடிக்கும் சாமான்தான் என்றாலும் பெட்ரோல் மாதிரி கண் மூடித் திறப்பதற்குள் பற்றாது. டீசலில் கழுவுகிற வழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. அது ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். பசை எடுக்கிற வேலைக்கு அது இடைஞ்சல்.

இனி உங்கள் சாமான்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே வழியில் சுத்தம் செய்யத்தான் மூவருமே சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் கோளாறு. உங்களிடம் இருப்பது மூன்று வகை முகங்கள். ஒன்று, கேஸ்கெட் உட்காரும் முகம்: அழகு தேவையில்லை, மட்டம் தேவை. இரண்டு, அலாய் வீல்: உலோகத்தின் மேல் பெயின்டும், அதற்கு மேல் கிளியர் கோட் என்னும் நிறமில்லாப் பூச்சும் இருக்கிறது, நீங்கள் தொடுவது அலுமினியத்தையே அல்ல. மூன்று, பட்டை: பெரும்பாலும் அனோடைஸ் செய்தது, அதன் பளபளப்பு அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு விஷம். அதனால் மூன்றையும் மூன்று தட்டில் பிரித்து வையுங்கள். கூடவே ஒரு காந்தத்தை ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். பட்டை என்று நினைத்தது ஸ்டீலாக இருக்கும், மூடி என்று நினைத்தது தகடாக இருக்கும். காந்தம் பிடித்தால் அது இந்தப் பதிலுக்குள் வராது.

பசையைத் தொடுவதற்கு முன்னால் அழுக்கு போக வேண்டும். எண்ணெயும் மண்ணும் கலந்து கெட்டியான படிவத்தின் அடியில் பசை இருந்தால் கரைப்பான் அதைப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் நீங்கள் தேய்க்கும்போது அந்த மண்ணே உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். மேனிஃபோல்டையும் தெர்மோஸ்டாட் மூடியையும் எம்.டி.ஓ. ஊற்றிய தட்டில் வைத்து, நைலான் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் துருப்புள்ளியாக எட்டிப் பார்க்கும். பித்தளை பிரஷ் இருந்தால் வார்ப்பின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்த சுடுதண்ணீரில் ஒரு கழுவு.

அலசுகிற தண்ணீர் விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயம்புத்தூர் வீட்டில் குழாயைத் திறந்து அலசிக்கொள்ளலாம். உங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும், அதில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தில் பொடிப்பொடியாகக் குழி விழவைக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ, ஏ.சி.யிலிருந்து சொட்டுவதைப் பிடித்து வைத்த தண்ணீரோ விடுங்கள். உடனே துடைத்து வெயிலில் வையுங்கள்.

துடைக்கிற துணிக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. பனியன் வேஸ்ட்தான் நாங்களும் கிலோக் கணக்கில் வாங்குகிறோம். ஆனால் வெள்ளை வேஸ்ட்டாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். சாயம் போட்ட துண்டில் தின்னரை ஊற்றினால் சாயம் இறங்கிப் பாகத்தில் ஏறும். சிவப்புத் துண்டால் துடைத்து ரோஸ் நிறமான வீல்களை எங்கள் கடைக்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.

இப்போது கேஸ்கெட் முகம். உங்கள் கடிதத்தில் இருப்பதில் பொறுமை கேட்கிற வேலை இதுதான். அங்கே ஒட்டியிருப்பது ஒரே பொருள் இல்லை என்று நினைக்கிறேன். நகத்தால் கீறிப் பாருங்கள். ரப்பராக இழுபட்டு வந்தால் அது சிலிகான். நம் மெக்கானிக்குகள் எந்தக் கம்பெனி டியூபாக இருந்தாலும் அனபாண்ட் என்றே சொல்லும் அந்தச் சாமான். பழுப்பு நிறத்தில் கண்ணாடியாக உடைந்து பொடிந்தால் பழைய காலத்து ஷெல்லாக். நாராகப் பிய்ந்தால் காகித கேஸ்கெட், துகள்துகளாக உதிர்ந்தால் கார்க்.

ஷெல்லாக் ஸ்பிரிட்டில் கரையும். பெயின்ட் கடையில் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் அதே ஸ்பிரிட். துணியை நனைத்து மேலே போட்டு, ஆவியாகாமல் பாலித்தீன் தாளால் மூடி வைத்தால் இளகிவிடும். சிலிகான் அப்படி எதிலும் சுலபமாகக் கரையாது. எம்.டி.ஓ.வில் ஊறினால் உப்பும், பிடி தளரும், அப்போது சுரண்டினால் வார் வாராக வரும். காகிதமும் கார்க்கும் கருகிப் பிடித்திருந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேஸ்கெட் ரிமூவர் ஸ்ப்ரே கேளுங்கள். அடித்துவிட்டு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரைக்கும் கை வைக்காதீர்கள். அடிப்பிடித்த சட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும் வீட்டுப் பெண்கள் அளவுக்குப் பொறுமை இருந்தால் போதும். முக்கால்வாசிக் கீறல்கள் அவசரத்தில் விழுந்தவை. இந்த ஸ்ப்ரே பெயின்டையும் தோலையும் சேர்த்தே எடுக்கும். அந்த மருந்துக்குத் தாங்கும் கையுறை போடுங்கள், கண்ணாடி போடுங்கள், வெட்டவெளியில் செய்யுங்கள். பெயின்ட் ரிமூவர் என்று விற்பதற்கும் இதே எச்சரிக்கை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. 1997 வண்டியில், அதுவும் இடையில் யார் யாரோ கடையில் தாள் வாங்கி வெட்டிப் போட்டிருக்கக்கூடிய வண்டியில், இருக்காது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் காய்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. கம்ப்ரசர் காற்றை ஊதவும் கூடாது. எப்போதும் ஈரத்தோடு எடுத்து, எடுத்ததை ஈரத்தோடே பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

சுரண்டுவதற்கு பிளாஸ்டிக் பட்டி பிளேடு முதல் தேர்வு. மூங்கில் சிம்பை உளி மாதிரி சீவி வைத்துக்கொண்டாலும் நன்றாக வேலை செய்யும். முனை மழுங்கினால் மறுபடி சீவலாம், அலுமினியத்தில் கோடு போடாது. ஸ்டீல் பிளேடைத்தான் எடுத்தாக வேண்டும் என்ற கட்டம் வந்தால், பிளேடின் இரண்டு மூலைகளையும் கல்லில் உரசி உருட்டிக்கொள்ளுங்கள். பிளேடை முகத்தோடு படுக்கவைத்துத் தள்ளுங்கள், குத்திக் கிளப்பாதீர்கள். மூலைதான் எப்போதும் கீறும். தொடங்குவதற்கு முன் எல்லா ஓட்டைகளிலும் துணியைத் திணித்து அடைத்துவிடுங்கள். உள்ளே விழுந்த சிலிகான் துண்டு ஆயில் வழியில் என்றால் பம்ப் வலையை அடைக்கும், கூலன்ட் வழியில் என்றால் ரேடியேட்டரை அடைக்கும். கடைசியில் எத்தனை துணி திணித்தோமோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்ஜின் பக்கம், சிலிண்டர் ஹெட்டில் ஒட்டியிருக்கும் மறுபாதி கேஸ்கெட்டை நீங்கள் சொல்லவில்லை. அதுவும் கட்டாயம் இருக்கும். அங்கே ஸ்ப்ரேயை நேரடியாக அடிக்காமல் துணியில் நனைத்து வையுங்கள், வழிந்து உள்ளே போகாது. போல்ட் துளைகளில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் அது பழைய திரெட்லாக், போல்ட் தளராமல் இருக்க மரையில் தடவும் பசை. மரை வெட்டும் புது டேப் கருவியை விட்டு அறுத்தால் மரை தளர்ந்துவிடும். பழைய போல்ட் ஒன்றில் நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டு கோடு வெட்டி, அதையே மெதுவாக உள்ளே வெளியே திருகுங்கள். பொருக்கு அந்தக் கோட்டில் சேர்ந்து வந்துவிடும்.

எல்லாம் எடுத்த பிறகும் லேசாக ஒரு கறை நிழல் தெரியும். விடுங்கள். கறை ஒழுகாது. விரலைத் தேய்த்தால் தட்டுப்படாததை எடுக்கப் போய்த்தான் பலர் முகத்தைக் கெடுக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மட்டம். துல்லியமாக நேராக இருக்கும் நல்ல ஸ்டீல் பட்டையை, அதாவது ஸ்ட்ரெய்ட் எட்ஜை, முகத்தின் மேல் நீளவாக்கிலும் குறுக்கு மூலையிலும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் கவலையே இல்லை. நுழைந்தால் கம்பெனி மேனுவலில் அந்த முகத்துக்கு எவ்வளவு வரை விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதையும் தாண்டினால் கோயம்புத்தூரில் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்கிற கடைக்குக் கொண்டு போங்கள். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லேத்துக்காரர் இருப்பார். மட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்சம் மட்டும் எடுங்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் பளிச்சென்று தெரியட்டும் என்று ஒரு கட் கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். மேனிஃபோல்டுக்குப் பெரிதாகப் பாதிக்காது. ஹெட்டுக்கு அது உயரத்தைக் குறைக்கிற விஷயம்.

தெர்மோஸ்டாட் மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்து, ஹோஸ் மாட்டும் கழுத்தில் அரித்திருந்தால், அது அழுக்கோ பசையோ இல்லை. வருடக்கணக்காக ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றிய பலன். வெள்ளையை நைலான் பிரஷ்ஷால் எடுங்கள். அரிப்பு கேஸ்கெட் முகத்தின் உள் விளிம்பைத் தாண்டி வந்திருந்தால் சிலிகானால் நிரப்பி ஒப்பேற்றாமல் மூடியையே மாற்றிவிடுங்கள். உங்களுக்கு முன்னால் சிலிகானை அப்பியவர் இதற்காகத்தான் அப்பியிருப்பார் என்று என் ஊகம். ஜென் மூடி உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கலாம், ஆனால் அதையும் இதே மாதிரி ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முகத்தையும் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்யுங்கள். புதுக் கேஸ்கெட் மட்டும் கேட்கிற இடத்தில் அது மட்டும் போதும். சிலிகான் போடச் சொல்லியிருந்தால் இரண்டு மூன்று மி.மீ. கனத்தில் ஒரே கோடு, அவ்வளவுதான். வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பாத்ரூம் வேலைக்கு விற்கும், வினிகர் வாடை வரும் சிலிகானைத் தொடாதீர்கள். அது உலரும்போது விடும் அசிட்டிக் அமிலம் உலோகத்தை அரிக்கும். இன்ஜினுக்கென்று விற்கும் நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அலாய் வீல். இங்கே நீங்கள் தொடுவது கிளியர் கோட் என்பதை மறக்கக் கூடாது. தின்னர், அசிட்டோன், பெயின்ட் ரிமூவர் மூன்றுக்கும் தடை. முதலில் ஷாம்பூத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். வெயிட் ஒட்டிய இடத்தில் நுரை டேப் மிச்சம் இருந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, பிளாஸ்டிக் பிளேடால் உருட்டி எடுங்கள். கட்டைவிரலால் உருட்டினாலே பாதி வந்துவிடும். அப்புறம் தங்குகிற பிசுபிசுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய்க்குப் பேர்போன காங்கேயம் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்குத் தனி ஸ்ப்ரே வாங்க வேண்டுமா என்று கேட்பேன். ரப்பர் வகைப் பசைக்கு எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். அக்ரிலிக் வகைக்கு நேரம் எடுக்கும், அங்கே எம்.டி.ஓ. நனைத்த துணி. முதலில் வீலின் பின்பக்கம் ஓரிடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பிரேக் தூசி சோப்பில் போகாமல் பழுப்புப் புள்ளியாகக் குத்தி நிற்கும். அது இரும்புத் துகள். அயர்ன் ரிமூவர் என்று கார் கேர் கடைகளில் விற்பதை அடித்தால் ஊதா நிறமாக மாறிக் கரைந்து வடியும். முட்டை அழுகிய வாடை வரும், பயப்பட வேண்டாம். வீல் சூடாக இருக்கும்போதோ உச்சி வெயிலிலோ அடிக்காதீர்கள், காய்ந்தால் கறை விடும். சில வாட்டர் வாஷ் கடைகளில் பெயர் ஒட்டாத கேனிலிருந்து ஒரு ஆசிட்டை ஊற்றி நொடியில் வெள்ளையாக்கிக் காட்டுவார்கள். அலுமினியம் பிரைட்னர் என்று வருபவற்றில் பலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டு. அது தோலில் பட்டால் முதலில் வலிக்காது, உள்ளே இறங்கி எலும்பு வரைக்கும் போகும், அதிகம் பட்டால் உயிருக்கே ஆபத்து. வீல் வெளுக்கவில்லை என்றால் வெளுக்காமலே ஓடட்டும்.

கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் இருந்தால் அது வெளியிலிருந்து கழுவிப் போகிறது அல்ல. உள்ளே உலோகம் அரிக்கத் தொடங்கிவிட்டது. கோட்டை முழுக்க எடுத்து மறுபடி பெயின்ட் அடிக்கிற கடைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாகப் பட்டை. அனோடைஸ் என்பது அந்த ஆக்சைடு படலத்தையே மின்சாரம் விட்டுத் தடிமனாக்கியது. தின்னர் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் காஸ்டிக்கும் அமிலமும் தேய்ப்பும் ஆகாது. புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பளிச்சிடுகிறதே என்று இதிலும் கை வைக்காதீர்கள். மெட்டல் பாலிஷும் அப்படித்தான். பாலிஷ் போட்டுத் துணி கருத்தால் அனோடைஸ் தோல் போய் உலோகம் தேய்கிறது என்று அர்த்தம். அப்புறம் அந்தப் பட்டை பவுடர் பூசினாற்போல வெளுத்தே இருக்கும்.

நுரை டேப்பை ஹேர் டிரையரால் இளக்கி, தூண்டில் நைலான் நூலை இரண்டு கையிலும் பிடித்து ரம்பம் மாதிரி இழுத்து அறுத்து எடுங்கள். ஹீட் கன் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது 500 டிகிரிக்கு மேலும் போகக்கூடியது, இந்த வேலைக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. பட்டையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சுர்ரென்று சத்தம் வந்தால் சூடு அதிகம். அலுமினியம் ஸ்டீலைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஒரு முனையில் காட்டினால் நீங்கள் பிடித்திருக்கும் முனை சுடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கேஸ் டார்ச்சை எந்த அலுமினியத்திலும் காட்ட வேண்டாம். சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கலவைகள் 200 டிகிரிக்குப் பக்கத்திலேயே பலத்தை இழக்கத் தொடங்கிவிடும். நிறம் மாறி எச்சரிக்கிற வழக்கம் இந்த உலோகத்துக்குக் கிடையாது.

மஞ்சள் பசை பெரும்பாலும் ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசையாக இருக்கும். பின்பக்கம் பெயின்ட் இல்லாத உலோகம் என்பதால் இங்கே மட்டும் தின்னர் பயன்படுத்தலாம். துணியை நனைத்துப் போட்டு பாலித்தீனால் மூடி, இளகியதும் மூங்கில் சிம்பால் தள்ளுங்கள். பட்டையில் ரப்பர் விளிம்போ கருப்புப் பெயின்ட் கோடோ இருந்தால் அங்கே தின்னர் வழியாமல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயை இதற்கு வாங்கினால் குளோரின் கலந்த வகை இல்லாததாகப் பாருங்கள். குளோரின் வகையை அடித்த பாகத்தில் வெல்டிங் பொறியோ நெருப்போ பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு வரும்.

மறுபடி ஒட்டுவதற்கு அக்ரிலிக் நுரை டேப் நல்லதாக வாங்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து பட்டையையும் கதவையும் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி நன்றாக அழுத்துங்கள். அந்த டேப் முழுப் பிடி பிடிக்க 72 மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வண்டியை வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள்.

மிச்சமாகும் கழிவைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட ஊர்க்காரர் நீங்கள். நொய்யல் பட்டது போதும். அழுக்கு எம்.டி.ஓ.வை மூடி போட்ட கேனில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த கழுவலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அடிச்சகதியைப் பழைய இன்ஜின் ஆயில் எடுக்கும் ஆளிடம் ஆயிலோடு கலக்காமல் தனி டப்பாவில் கொடுங்கள். தின்னர் நனைந்த வேஸ்ட்டைக் குவித்து வைக்காமல் வெளியில் விரித்துக் காயவிட்டு அப்புறம் குப்பைக்குப் போடுங்கள்.

வேலையைத் தெர்மோஸ்டாட் மூடியிலிருந்து தொடங்குங்கள். சின்னது, கை பழகும், கெட்டுப் போனாலும் மாற்று தேடலாம். மேனிஃபோல்டு கடைசி. ஃபீலர் கேஜ் எங்காவது நுழைந்தால் எந்த இடத்தில், எந்த அளவு கேஜ் நுழைந்தது என்று ஒரு படம் வரைந்து எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்தபிறகு கிரைண்டிங் தேவையா, கேஸ்கெட்டே சமாளிக்குமா என்று சொல்கிறேன்.